அளந்து உலையிட்ட வீடு

நாடுகளின் வரலாற்றை எழுதுவோர் அரசர்களின் போர்களையும் அமைச்சர்களின் சட்டங்களையும் நிரல்பட எழுதி வைத்துள்ளனர். அடுப்பங்கரையின் வரலாற்றை எழுதி வைத்தவர் மிகச் சிலரே. எனினும், அரிசியின் விலை ஏறியது, கப்பல் வரவு நின்றது, பணத்தின் பெறுமதி வீழ்ந்தது என்னும் செய்திகள் யாவும் ஈற்றில் வந்து சேருமிடம் அடுப்பங்கரையே. உலை கொதிக்கும்போது அதில் எத்தனை பிடி அரிசி இடுவது என்பதை முடிவு செய்பவள் குடும்பத்தலைவி. அந்தச் சிறு முடிவு நாள்தோறும், ஆண்டு முழுவதும் செய்யப்படுவது. அதனைப் பதிவேட்டில் எழுதுவாருமில்லை. எழுந்து நின்று புகழ்வாருமில்லை.

இலங்கையின் கீழ்க்கரையிலே, மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழ்ந்த குடும்பங்கள் கடந்த நூறாண்டுக் காலத்தில் இடர் நிறைந்த பொழுதுகளை எவ்வாறு கடந்தன என்பதை ஆராய்ந்தால், வீட்டுச் சிக்கனத்தின் இயல்பு நன்கு விளங்கும். அதன் எல்லையும் விளங்கும். சிக்கனம் ஒரு வீட்டை எவ்வளவு தூரம் காக்கும், எந்த இடத்தில் காக்கமாட்டாது கைவிடும் என்பதே இங்கு முதன்மையான வினா.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல்நிலத்தைப் படுவான்கரை என்றும் அவ்வூர் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை, ஞாயிறு படும் கரை என்பன அப்பெயர்களின் பொருள். எழுவான்கரையிலே தென்னையும் மீன்பிடியும் நெசவும் வணிகமும் சிறந்தன; படுவான்கரையிலே நெல்லும் கால்நடையும் சேனைப் பயிரும் சிறந்தன. எழுவான்கரையில் வீடுடைய பலருக்குப் படுவான்கரையில் வயல் இருந்தது. பாலங்கள் அருகியிருந்த காலத்திலே விதைநெல் தோணியில் ஏறி மேற்கே சென்றது. அறுவடை நெல் தோணியில் ஏறிக் கிழக்கே வந்தது. 1924இல் கல்லடிப் பாலம் திறக்கப்பட்ட பின்னரும், தெற்கே பல துறைகளில் தோணியே வழியாயிருந்தது.

இந்நிலத்திலே ஆண்டு என்பது இரு கூறாய் அமைந்தது. வடகீழ்ப் பருவக்காற்றின் மழையை நம்பி விதைக்கப்படும் பெரும்போக நெல் மாசி, பங்குனி மாதங்களில் அறுவடையாகும். களவெட்டியிலே சூடு மிதித்து, நெல்லைத் தூற்றி வீடு சேர்த்த பின்னர் ஊரெங்கும் நிறைவு. வைகாசியிலே கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கும் குளிர்த்தியும் நடைபெறும். திருமணங்கள் கூடிவரும். கைநிறைய நெல்லும், நெல் விற்ற பணமும் உள்ள காலம் அது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாரி மாதங்களிலோ நிலைமை வேறு. சேமித்த நெல் அடிதட்டும், கடல் கொந்தளிக்கும், கூலிவேலை குறையும், கூரை ஒழுகும். பஞ்சம் என்பது இவ்வூராருக்கு எங்கோ கேள்விப்பட்ட செய்தியாக இருக்கவில்லை. ஆண்டுதோறும் மாரியில் அது வாயிற்படி வரை வந்து எட்டிப் பார்த்துச் சென்றது.

ஆகவே வரவு செலவுத் திட்டம் என்னும் பெயர் அறியாமலே அதனை வகுக்கப் பழகினர் இப்பகுதிப் பெண்கள். அவர்களுக்கு அவ்வுரிமை இருந்ததற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. பழைய முக்குவர் சட்டம் தாய்வழி மரபுரிமையை அடிப்படையாகக் கொண்டது. அதனை 1876ஆம் ஆண்டில் கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பார் தொகுத்து நூலாக வெளியிட்டார். அதே ஆண்டிலே இயற்றப்பட்ட மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தினால் அப்பழைய சட்டம் தன் வலுவை இழந்தது. சட்டம் மறைந்தும் வழக்கம் மறையவில்லை. மகளுக்கு மணம் முடிக்கும்போது வீட்டைச் சீதனமாக அவள் பெயரிலே கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டிலே வந்து வாழ்வதும் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடத்தும் நிலைத்தன. மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே கொடுத்துவிட்டுப் பெற்றோர் அயலிலே சிறு வீடு கட்டிக் குடிபெயர்வதும் உண்டு.

வீடு தன்னுடையது என்னும் எண்ணம், அவ்வீட்டின் பானையையும் களஞ்சியத்தையும் பேணும் பொறுப்பைப் பெண்ணிடம் உறுதியாக வைத்தது. அதேவேளை ஒரு பெருஞ்சுமையையும் வைத்தது. மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடுகளுக்கு வழி தேட வேண்டும். எனவே இப்பகுதியிற் சேமிப்பு என்பது மாரிகால உணவுக்கு மட்டும் உரியதன்று. கல்லும் மரமும் ஓடும் வாங்குவதற்கும் உரியது. ஒரு குடும்பம் இன்று உண்ணாது விட்ட தேங்காய், பல ஆண்டுகள் கழித்து மகளின் சுவரிலே ஒரு கல்லாக மாறியது என்று கூறினும் பொருந்தும்.

அக்காலச் சிக்கனத்தின் முறைகள் எளியவை. அறுவடை நெல் வந்தவுடன் முதலில் விதைநெல் வேறாகப் பிரித்துக் கட்டி வைக்கப்பட்டது. எத்தகைய பசி வந்தாலும் விதைநெல்லிற் கை வைப்பது பழியெனக் கருதப்பட்டது. அடுத்து, அடுத்த அறுவடை வரை வீட்டுக்கு வேண்டிய நெல் களஞ்சியத்தில் நிறைக்கப்பட்டது. கூலியும் கடனும் கோயில் நேர்த்தியும் கழித்து, எஞ்சியதே விற்பனைக்குச் சென்றது. இம்முறையின் பொருளை நோக்குதல் வேண்டும். முதலில் எடுத்து வைத்து, பின்னர் செலவு செய்வது ஒரு முறை. முதலிற் செலவு செய்து, எஞ்சினால் எடுத்து வைப்பது மற்றொரு முறை. முதலாவதில் மாரிக்குச் சோறு உண்டு. இரண்டாவதில் எஞ்சுவது அரிது.

உலையிடும் அரிசியைச் சுண்டினால் அளந்தெடுத்து, அளந்ததிலிருந்து ஒரு பிடியைத் திரும்பவும் வேறொரு பானையிற் போடுவது பிடியரிசி. உண்போர் அக்குறைவை உணரார். ஒரு பிடியை 50 கிராம் என்று கொண்டால், நாளொன்றுக்கு ஒரு பிடி மாதத்தில் ஒன்றரைக் கிலோ. ஆண்டில் 18 கிலோவுக்கு மேல். மாரியிலே ஒரு சிறு குடும்பத்துக்கு அது பல நாளைச் சோறு. தமிழர் வாழும் பிற இடங்களிலே இவ்வழக்கம் கோயிற் பணிக்கும் அறப்பணிக்கும் பொருள் சேர்க்கும் வழியாகவும் விளங்கியது.

அடுப்பங்கரையின் பிற செயல்களும் இவ்வாறே எண்ணிச் செய்யப்பட்டன. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தினால் குறுநொய் குறையும். அரிசியின் சத்தும் பெரிதும் தங்கும். சோறு வடித்த கஞ்சி வீணாக்கப்படவில்லை. இரவு எஞ்சிய சோறு நீரூற்றப்பட்டுக் காலையில் தயிரும் பச்சைமிளகாயும் சேர்ந்து பழஞ்சோறாயிற்று. ஒரு தேங்காயின் முதற்பால் கறிக்கும், இரண்டாம் பால் சொதிக்கும் ஆயிற்று. வாவியிலே மீன் மிகுந்து அகப்பட்ட நாளில் மிகுதி உப்பிடப்பட்டுக் கருவாடாயிற்று. வேலியோரத்து முருங்கையும் அகத்தியும், கிணற்றடி வாழையும், வளவின் மூலையில் நட்ட மரவள்ளியும் கடைக்குச் செல்லாமலே கறி தந்தன. ஓய்ந்த பொழுதிலே பெண்கள் பன் எனும் புல்லினாற் பாய் இழைத்துச் சிறு வருவாய் தேடினர்.

இத்தகைய வீடு எந்த இடத்தில் உடைந்தது? கடனிலேதான். நோய், சாவு, திருமணம், வெள்ளம் ஆகிய ஒன்று வந்துவிட்டால், நாட்கணக்கிற் சேர்த்த பிடியரிசி அதனைத் தாங்காது. அப்போது அறுவடைக்கு முன்னரே நெல்லை விலைபேசிப் பணம் வாங்குவது வழக்கமாயிற்று. நெல் பச்சையாய் வயலில் நிற்கும்போது பேசிய விலை, கதிர் முற்றி வீடுவந்த காலத்து விலையினும் மிகத் தாழ்ந்தது. இவ்வாறு கடன்பட்ட உழவன், பங்குனியில் நெல்லைக் கடன்காரனுக்கு அளந்துவிட்டுக் கார்த்திகையில் அரிசியை அதே மனிதனிடம் ஏறிய விலைக்கு வாங்கினான். எவ்வளவு சிக்கனமாய் உலையிட்டாலும் இச்சுழலினின்று ஒரு வீடு தனித்து மீள்வது கடினம். இதனை உணர்ந்தே கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான கட்டளைச் சட்டம் 1911இல் இலங்கையிலே இயற்றப்பட்டது. ஐக்கிய நாணய சங்கம் என்று தமிழ் ஊர்களில் வழங்கிய அமைப்பு இச்சட்டத்தின் வழிவந்தது. பின்னாளில் சிக்கன, கடனுதவு கூட்டுறவுச் சங்கம் எனப் பெயர்பெற்றபோது, சிக்கனமும் கடனும் ஒரே பெயரில் இணைந்தன. அவ்விரண்டும் பிரித்தறிய முடியாதவை என்பதற்கு அப்பெயரே சான்று.

இனி, வெளியுலகின் புயல் இந்த அடுப்பங்கரையைத் தாக்கிய முதற் பெருநிகழ்ச்சியைக் காண்போம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியிற் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே பெற்றது. அதிலும் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் இரங்கூன் யப்பானியர் வசமாயிற்று. அத்துடன் பர்மா அரிசி நின்றது. ஏப்ரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. அந்த 9ஆம் நாளிலேயே ஹேர்மீஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. போர் எங்கோ நடக்கின்றது என்று எண்ணியிருந்த கரையோர மக்களுக்கு, அது தம் வாயிலிலே வந்து நிற்பது அன்று தெரிந்தது.

அரசாங்கம் உணவுப் பங்கீட்டை நடைமுறைப்படுத்தியது. சிவில் பாதுகாப்புக்கும் உணவுக்கும் ஆணையாளராயிருந்த ஒலிவர் குணதிலகா அப்பணிக்குப் பொறுப்பாயிருந்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கூப்பன் புத்தகம் வந்தது. 'கூப்பன் கடை' என்னும் சொல் அந்நாள் தொட்டு இலங்கைத் தமிழிலே வேரூன்றியது. பங்கீட்டுப் பொருள்களை வழங்குவதற்காகக் கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் தோன்றின. மக்கள் அவற்றைச் சங்கக்கடை என்றனர். நெல் விளையும் மாவட்டங்களிலே உழவரிடமிருந்து அரசாங்கம் நெல்லைக் கொள்வனவு செய்தது. இன்றைய அம்பாறை மாவட்டமும் அன்று மட்டக்களப்பு மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. 1961இலேதான் அது தனியாகப் பிரிந்தது. எனவே தீவின் பசியைத் தணித்த நெல்லில் இவ்வாவிக்கரை வயல்களுக்கும் சிறந்த பங்கு உண்டு.

பங்கீடு உணவுப் பழக்கத்தையே மாற்றியது. அரிசி குறைந்த இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. நகரத்தாரின் உணவாயிருந்த பாண் சிற்றூர்களுக்குள் நுழைந்தது. அரிசிமாவிற் பிட்டு அவித்தவர்கள் கோதுமை மாவை அவித்து அரித்துப் பிட்டாக்கக் கற்றனர். மரவள்ளியும் வற்றாளையும் குரக்கனும் சோளமும் மீண்டும் மதிப்புப் பெற்றன. மரவள்ளிக் கிழங்கைத் திறந்த பானையில் நன்றாக அவித்து நீரை வடித்துவிட வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கையை முதியோர் இளையோருக்குக் கற்பித்தனர். ஏழை உணவு என்று முன்னர் ஒதுக்கப்பட்ட கிழங்கு, செல்வர் வீட்டுத் தட்டிலும் இடம்பெற்றது.

அதே காலத்தில், 1943ஆம் ஆண்டிலே, வங்காளத்தில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். அங்கும் பர்மா அரிசி நின்றது. போர்க்கால விலையேற்றம் அங்கும் நேர்ந்தது. ஆனால் சிற்றூர் மக்களுக்கு உரிய காலத்திற் பங்கீடு கிடைக்கவில்லை. இருபது முதல் முப்பது இலட்சம் மக்கள் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. அப்பஞ்சத்தில் மடிந்த உழவர்களும் மீனவர்களும் சிக்கனம் அறியாதவர்களா? அல்லர். அளந்து உலையிடும் பழக்கம் அவர்களுக்கும் இருந்தது. அளப்பதற்கு அரிசிதான் இல்லை. இலங்கையிலே குறைந்த அரிசி பகிரப்பட்டது. வங்காளத்திலே அது வலியவர் கைக்குச் சென்றது. வீட்டின் சிக்கனத்துக்கு வெளியே நாட்டின் நீதி ஒன்று வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேறில்லை.

நாட்டுக்கு வேண்டிய அந்நீதி வீட்டுக்குள்ளும் வேண்டும். பங்கீட்டு அரிசி வீட்டுக்கு வந்தபின் அது எவ்வாறு பகிரப்பட்டது? கூப்பன் புத்தகத்திலே அளவு குறிக்கப்பட்டிருந்தது. தட்டிலோ அளவு வேறுபட்டது. உழைப்பவனுக்கு முதலில், பிள்ளைகளுக்கு அடுத்து, சமைத்தவளுக்கு ஈற்றில். பானையில் எஞ்சியது அவள் பங்கு. அரிசி நிறைந்த பங்குனியில் இவ்வழக்கத்தால் தீங்கு பெரிதாகத் தெரிவதில்லை. அரிசி குறைந்த கார்த்திகையில், வீட்டின் குறைவு முழுவதையும் ஒருத்தியின் உடலே ஏற்றுக்கொள்கின்றது. கருவுற்றவளும் பால் கொடுப்பவளும் அவ்வாறு உண்ணாதிருப்பின், அக்கடனை அடுத்த தலைமுறை தன் உடலால் அடைக்கின்றது. பிடியரிசி எல்லோருடைய சோற்றிலிருந்தும் எடுக்கப்படும் வரையில் அது சிக்கனம். ஒருத்தியின் சோற்றிலிருந்து மட்டும் எடுக்கப்படும்போது அதற்குப் பட்டினி என்றே பெயர்.

போர் முடிந்தும் பங்கீடு நீடித்தது. 1953ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்த வரவு செலவுத் திட்டம், பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. அஞ்சற் கட்டணமும் புகையிரதக் கட்டணமும் ஏறின. வாரத்துக்கு நான்கு கொத்து வாங்கிய வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முன்னர் 1 ரூபா கொடுத்த அவ்வீடு, இனி 2 ரூபா 80 சதம் கொடுக்க வேண்டும். மேலதிகமான 1 ரூபா 80 சதத்தைப் பால், மீன், மண்ணெண்ணெய், பிள்ளையின் கொப்பி ஆகியவற்றிலிருந்தே பிடுங்க வேண்டும். அவ்வாண்டு ஓகஸ்ற் 12ஆம் நாளில் நாடளாவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. ஒக்டோபரில் தலைமை அமைச்சர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார். அரிசியின் விலையும் பின்னர் குறைக்கப்பட்டது.

அரசாங்கத்தின் கணக்கிலும் ஓர் உண்மை இருந்தது. கொரியப் போர்க்காலத்தில் உயர்ந்த இறப்பர் விலை வீழ்ந்திருந்தது. உலகச் சந்தையில் அரிசி அருமையாயிருந்தது. மானியச் செலவு திறைசேரியை அழுத்தியது. எனினும் அக்கணக்கு வீட்டின் கணக்கைப் பார்க்க மறந்தது. எர்ண்ஸ்ற் எங்கெல் என்னும் செருமானிய அறிஞர் 1857இலேயே ஓர் உண்மையைக் கண்டு கூறியிருந்தார். குடும்பத்தின் வருவாய் குறையக் குறைய, அவ்வருவாயில் உணவுக்குச் செல்லும் விகிதம் கூடும் என்பதே அது. செல்வர் வீட்டிலே அரிசி விலை மும்மடங்கானாலும் வேறு பல செலவுகளைக் குறைத்து ஈடுசெய்யலாம். ஏழை வீட்டிலே குறைப்பதற்கு உணவைத் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை. 1950இல் நிறுவப்பட்ட இலங்கை மத்திய வங்கி, குடும்பங்களின் வரவு செலவு பற்றிய தன் முதல் ஆய்வை நடத்தியதும் அந்த 1953ஆம் ஆண்டிலேதான்.

அதன்பின் வந்த இடர்களை மட்டக்களப்பு மக்கள் எண்ணி மாளாது. 1957 டிசெம்பரில் பெருவெள்ளம் வயல்களையும் குளக்கட்டுகளையும் அழித்தது. 1966இன் இறுதியில் இரண்டு கொத்தாயிருந்த பங்கீட்டரிசி, விலையின்றி ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் எண்ணெய் விலையேற்றத்தோடு உலக உணவு விலைகளும் ஏறின. அந்நியச் செலாவணி வற்றியது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டு செல்வதற்குக் கட்டுப்பாடு வந்தது. பாணுக்காக விடியுமுன்னரே மக்கள் வரிசையில் நின்றனர். மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி செய்யப்படாமையால், அவற்றை விளைவித்த யாழ்ப்பாணத்து உழவர் தழைத்தனர்; விலைகொடுத்து வாங்கிய ஏனையோர் கறியின் காரத்தைக் குறைத்துக்கொண்டனர். வளவிலே மரவள்ளி வைத்திருந்த வீடு அப்போதும் தலைநிமிர்ந்து நின்றது.

1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி, எழுவான்கரையின் தென்னைகளை ஓரிரவில் முறித்தெறிந்தது. தென்னங்கன்று காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகுமாதலால், தலைமுறையின் சேமிப்பே வீழ்ந்தது போலாயிற்று. மறு ஆண்டிலே பங்கீட்டு முறை நீங்கி, வறிய குடும்பங்களுக்கு உணவு முத்திரை வந்தது. அதனையடுத்து நீண்ட உள்நாட்டுப் போரும், 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலையும் இக்கரையை வாட்டின. 2009இல் போர் முடிந்தபோது, கணவனை இழந்து தனியே குடும்பத்தைச் சுமந்த பெண்கள் கீழ்மாகாணம் எங்கும் இருந்தனர்.

அவர்களை நாடி நுண்கடன் வந்தது. ஈடு கேட்காது வீட்டு வாயிலிலே பணம் கொடுத்து, வாரந்தோறும் தவணை கேட்கும் கடன் அது. தொழில் நடத்த வாங்கியவர் சிலர். உணவுக்கும் மருந்துக்கும் வாங்கியவர் பலர். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்கப்பட்டது. பழைய காலத்துப் பச்சை நெற்கடனின் சுழலே புதிய உருவில் மீண்டது. 2018இலே, வறட்சியால் வாடிய மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. தனித்தனி வீடுகளின் தவறு என்று அதுவரை பேசப்பட்டது, ஒரு சமூகத்தின் இடர் என்று அப்போது ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஈற்றில் வந்தது 2022ஆம் ஆண்டு. அதற்கு முந்திய ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீங்கியபோது காலம் கடந்திருந்தது. பெரும்போக விளைச்சல் சுருங்கியது. 2022 ஏப்ரல் 12இலே நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. ஓராண்டுக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியதாயிற்று. எரிவாயு கிடையாமல் மக்கள் விறகடுப்புக்குத் திரும்பினர். மண்ணெண்ணெய் தட்டுப்பட்டதால் இயந்திரப் படகுகள் கரையிற் கிடந்தன; துடுப்புத் தோணியும் வீச்சுவலையும் வைத்திருந்தவர் வாவியிலே அன்றாடக் கறிக்கு மீன் தேடினர். பாட்டியர் செய்ததைப் பேத்தியர் மீண்டும் கற்றனர்.

திருக்குறளிலே, வருவாய் சிறிதாயினும் செலவு அதனைக் கடந்து விரியாதிருந்தாற் கேடில்லை என்னும் கருத்து வருகின்றது. வீட்டுச் செலவுக்கு அறிவுரையாக அது அடிக்கடி எடுத்தாளப்படும். வள்ளுவர் அதனை வைத்த இடம் இல்லறவியலன்று என்பதைப் பலர் நோக்குவதில்லை. பொருட்பாலிலே, அரசியலிலே, வலியறிதல் என்னும் அதிகாரத்திலே அதனை வைத்தார். தன் வலிமையை அறிந்து செலவு செய்யும் கடமை முதலில் ஆள்வோருக்கு உரியது. ஆள்வோர் அளவு மறந்த ஆண்டிலே, மட்டக்களப்பின் குடும்பத்தலைவி பிடியரிசியை எத்தனை முறை எடுத்து வைத்தாலும் அப்பானை நிறையவில்லை.

ஆயினும் அவள் அளந்தது வீணாயிற்று என்று கொள்ளுதல் கூடாது. நூறாண்டு வரலாறு காட்டுவன மூன்று. முதலில் எடுத்து வைத்துப் பின்னர் செலவு செய்த வீடு, மாரியைத் தாங்கியது. வளவிலே சிறிதேனும் விளைவித்த வீடு, சந்தை கைவிட்ட நாளிலும் பசியாறியது. ஐக்கிய நாணய சங்கமாயினும் சங்கக்கடையாயினும், அயலாரோடு சேர்ந்து சேமித்த வீடு கடன்காரனின் வாயிலுக்குத் தனியே செல்ல நேரவில்லை. இம்மூன்றோடு, வரலாறு எழுதாது விட்ட நான்காவது ஒன்றையும் சேர்த்தல் வேண்டும். குறைவு வந்த காலத்தில் எல்லோரும் ஒரே வேளையில் அமர்ந்து, ஒரே அளவாய் உண்பது. அதற்குச் சட்டமும் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. சமைத்தவளின் தட்டிலே முதலகப்பைச் சோற்றை இட்ட பின்னர், ஏனையோர் தட்டை நீட்டினாற் போதும்.